புயல் வருமுன் வீட்டை ஆயத்தப்படுத்துங்கள்



மே மாதம் பிறந்துவிட்டால் மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் பேச்செல்லாம் ஊர்ப் பயணத்தைப் பற்றியதாகவே இருக்கும். நாகர்கோவில் வண்டிக்கு டிக்கெட் உறுதியாயிற்றா, பள்ளி என்று திறக்கிறது, திரும்பும்போது அம்மாவை உடன் அழைத்து வரலாமா என்பவையே அந்நாட்களின் கவலைகள். ஜூன் முதல் வாரத்தில் அரிசி மூட்டையோடும் முறுக்கு டப்பாவோடும் நாம் வந்து இறங்கும்போது வானம் கறுத்திருக்கும். அதற்குள் முடித்திருக்க வேண்டிய ஒரு வேலை வீட்டில் அப்படியே கிடக்கும். இம்மாதம் அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். வாசகர்களில் பலர் வேறு நகரங்களில் வாழ்கிறீர்கள் என்பதை அறிவேன். நான் 25 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் மும்பையை வைத்தே எழுதுகிறேன். நீங்கள் உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26. அப்போது குர்லா மேற்கில், மித்தி ஆற்றுக்கு அதிகத் தூரமில்லாத ஒரு சாலில், தரைத்தளத்தில் ஓர் அறையில் குடியிருந்தோம். மகளுக்கு வயது நான்கு. மகன் எட்டு மாதக் கைக்குழந்தை. என் மனைவிக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் சரியாக வராது. அன்று காலை நான் ஓர் அலுவலாகக் கோட்டைப் பகுதிக்குப் புறப்பட்டபோது, வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்: “நான் வரும்வரை கதவைத் திறக்க வேண்டாம், எங்கும் போக வேண்டாம்.” புது ஊரில் மனைவி பிள்ளைகளைத் தனியே விட்டுச் செல்லும் எந்தத் தகப்பனும் சொல்லும் சொல்தான் அது.

பிற்பகலில் கோட்டைப் பகுதியில் பெய்தது சாதாரண மழை. கொலாபாவில் அந்த 24 மணி நேரத்தில் பதிவானது சுமார் 73 மி.மீ. மட்டுமே. சாந்தாகுரூஸிலோ அதே நேரத்தில் 944 மி.மீ. கொட்டித் தீர்த்தது. ஒரே நகரத்தின் இரு முனைகளில் இப்படி! ஆகையால் ரயில்கள் நின்றபோதும், வழக்கம்போல் ஒரு மணி நேரத்தில் புறப்படும் என்றுதான் நான் அமர்ந்திருந்தேன். தொலைபேசிகள் செயலிழந்த பின்னரே அச்சம் பிடித்தது. இருட்டத் தொடங்கியபோது நடக்கத் தொடங்கினேன். பைகுல்லா, பரேல், தாதர் என்று ஆயிரக்கணக்கானோரோடு ஒருவனாக நடந்து சயான் வந்தபோது தண்ணீர் மார்பளவு நின்றது. முகம் தெரியாத இளைஞர்கள் கயிறு பிடித்து நின்று மக்களைக் கடத்திவிட்டார்கள். அவ்விரவை ஒரு பள்ளியின் மாடிப்படியில் கழித்து, மறுநாள் நண்பகலில் வீடு சேர்ந்தேன்.

வீட்டில் நடந்தது இது. மாலை நான்கு மணியளவில் வாசற்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. மனைவி பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றினாள். கட்டில் நனைந்ததும் மேசையைக் கட்டிலின்மேல் தூக்கி வைத்து அதன்மேல் ஏற்றினாள். மாடியில் குடியிருந்த மராத்திய மாவ்ஷி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, “வர் யா! லவ்கர் வர் யா!” என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறார். மேலே வாருங்கள், சீக்கிரம் மேலே வாருங்கள் என்பது அதன் பொருள். என் மனைவியின் காதில் அது நம் ஊர்ப் பேச்சில் “வர்றியா?” என்று கேட்பதைப் போல விழுந்ததாம். இன்று சொல்லிச் சிரிக்கிறோம். அன்று அவள் கதவைத் திறக்கவில்லை. தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்த பிறகு, மாவ்ஷியின் மகன் நீந்தாத குறையாக இறங்கி வந்து கதவை உடைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிச் சென்றான்.

“முன்னமே மேலே போயிருக்கலாமே” என்று நான் கேட்டேன். “நீங்கள்தானே எங்கும் போக வேண்டாம் என்று சொன்னீர்கள்” என்றாள்.

அன்பானவர்களே, அந்த வெள்ளத்தில் மகாராஷ்டிரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காருக்குள் அமர்ந்தபடியே மூச்சடைத்து இறந்தவர்களும் உண்டு. என் வீட்டாரும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருந்தால், காரணம் மழை மட்டுமல்ல, என் வாய்ச்சொல்லும்தான். ஆகையால் புயற்கால ஆயத்தம் என்று யாராவது கேட்டால், டார்ச் லைட்டையும் மெழுகுவர்த்தியையும் நான் முதலில் சொல்வதில்லை. எப்பொழுது வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும், எங்கே போக வேண்டும், வீட்டுத் தலைவன் இல்லாதபோது அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முன்கூட்டியே பேசி முடியுங்கள் என்பதையே முதலில் சொல்கிறேன்.

2005-இல் வந்தது புயலன்று, பெருமழை என்பது உண்மைதான். அந்த மழையோடு மணிக்கு 100 கி.மீ. காற்றும் சேர்ந்தால் அது புயல். “மும்பைக்குப் புயல் வராது, அதெல்லாம் நாகப்பட்டினத்துக்கும் ஒடிசாவுக்கும்தான்” என்று நம்மவர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2009 நவம்பரில் ஃபியான் புயல் மும்பைக்கும் அலிபாகுக்கும் இடையே கரையேறியது. 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரி மாவட்ட மீனவக் குடும்பங்களைக் கதறவைத்த ஒக்கி, அரபிக்கடல் வழியே வடக்கே ஏறி வந்தது. டிசம்பர் 5 அன்று இங்கே பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். 2020 ஜூன் 3 அன்று நிசர்கா அலிபாகுக்குத் தெற்கே கரையைக் கடந்தது. மும்பை தப்பியது, ராய்கட் மாவட்டத்தில் முருட், ஸ்ரீவர்தன் பகுதிகளில் கூரைகள் பறந்து, நாட்கணக்கில் மின்சாரமின்றி மக்கள் தவித்தார்கள். மறு ஆண்டு மே 17 அன்று டவ்தே குஜராத்துக்குச் செல்லும் வழியில் நம் கரையோரமாகக் கடந்துபோனது. கரையேறாமல் கடந்துபோனதற்கே கொலாபாவில் 100 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் காற்று வீசியது, மரங்கள் நூற்றுக்கணக்கில் சாய்ந்தன.

அமெரிக்காவில் அட்லாண்டிக் கரையில் வாழ்வோர் இதையே ஹரிகேன் என்று அழைத்து, ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அதன் காலம் என்று நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்கள். நம் கடல்களுக்கு இரண்டு பருவங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் வரை ஒன்று. அது ஓய்ந்தபின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. இடைப்பட்ட மாதங்களில் மேல்வானில் வீசும் வேகமான காற்று பெரும்புயல் உருவாவதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆகையால் மேகமற்ற மே மாதத்திலேயே நம் வேலை முடிய வேண்டும். மும்பைக்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 11-ஐ ஒட்டித் தொடங்கும். 2025-இலோ மே 26 அன்றே வந்துவிட்டது. ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்களின் வீடுகள் பூட்டியபடியே நனைந்தன.

எச்சரிக்கைகளின் மொழியைச் சற்றுக் கற்றுக்கொள்வது நல்லது. இந்திய வானிலை ஆய்வுத் துறை, புயல் கரையைத் தொடுவதற்கு 72 மணி நேரத்துக்கு முன் முதல் அறிவிப்பைத் தருகிறது. 48 மணி நேரத்துக்கு முன் மஞ்சள், 24 மணி நேரத்துக்கு முன் ஆரஞ்சு, 12 மணி நேரத்துக்கு முன் சிவப்பு என்று அது வளரும். சுழன்று வீசும் காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் அதற்குப் புயல் என்ற பெயர். “மிக மிகப் பலத்த மழை” என்று அவர்கள் சொன்னால் ஒரு நாளில் 204.4 மி.மீ.க்கு மேல் என்று பொருள். மராத்திச் செய்திகளில் “சக்ரீவாதள்” என்றால் புயல், “பர்த்தி” என்றால் கடலேற்றம். இவ்விரு சொற்களையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கும் சொல்லிக்கொடுங்கள். “வர் யா” என்பதையும்தான்!

கடலேற்றத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. மும்பையின் பழைய மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்கவே கட்டப்பட்டவை. பின்னர் பல இடங்களில் 50 மி.மீ. என்று விரிவாக்கப்பட்டன. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அந்தக் கால்வாய் நீர் வெளியேற வழியில்லை. 2005-இல் பெருமழையும் 4.48 மீட்டர் கடலேற்றமும் ஒரே பிற்பகலில் சந்தித்தன. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் மாநகராட்சி 4.5 மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அந்நாட்களில் புயலும் மழையும் எச்சரிக்கப்பட்டால், தரைத்தளத்தில் இருப்போர் தண்ணீர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் செய்திருப்பதைச் சொல்கிறேன். அறைக்குள் கதவு நிலையின் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்திருந்தோம். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, எனக்குத் தொலைபேசியில் சொல்லவும் வேண்டியதில்லை. பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட வேண்டும். ஒரு சகோதரர் அதைப் பார்த்து, “பாஸ்டர், பஸ்காவா?” என்று கேட்டார். பெயிண்ட் டப்பா நாற்பது ரூபாய் என்றேன். இப்போது இரண்டாம் மாடியில் இருக்கிறோம், கோட்டுக்குத் தேவையில்லை. ஆனால் என் வற்புறுத்தலால் அதை இழுத்துக்கொண்ட தரைத்தளக் குடும்பங்கள் பல உண்டு.

பத்ரா கூரையும் சிமென்ட் தகடும் போட்ட வீடுகளில் இருப்போருக்கு விதி வேறு. தண்ணீருக்கு முன்பே காற்று வந்துவிடும். காற்று வந்தபின் வெளியே நடப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து, ஏனெனில் பறக்கும் தகடு கத்தியைப் போன்றது. ஆகவே ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும், பகல் வெளிச்சத்திலேயே, காங்கிரீட் கூரையுள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். காற்று திடீரென்று அடங்கினால் புயல் முடிந்தது என்று எண்ணி வெளியே வர வேண்டாம். புயலின் கண் தலைக்குமேல் நிற்கும்போது அப்படித்தான் அமைதியாக இருக்கும். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

அந்தக் கூரையைப் பற்றி இன்னும் கொஞ்சம். புயற்காற்று கூரையை அழுத்துவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தூக்குகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். ஆகையால் தகட்டின்மேல் செங்கல்லும் பழைய டயரும் அடுக்கி வைப்பதால் பயனில்லை, அவையே பறந்து பக்கத்து வீட்டார் தலையில் விழும். தகட்டைக் கீழேயுள்ள இரும்புச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கி போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று மே மாதத்தில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்து வரிசையே முதலில் கிளம்பும். அங்கே போல்ட்டுகளைக் கூட்டுங்கள். விரிசல் கண்ட தகட்டில் காலை வைத்து விழுந்தவர்கள் உண்டு, ஆகையால் பலகை போட்டு ஏறட்டும். உயர்மாடிக் குடியிருப்பில் வாழ்வோருக்கு வேறு வேலை: பால்கனியில் உள்ள பூந்தொட்டி, துணி உலர்த்தும் கம்பி, தண்ணீர்த் தொட்டியின் மூடி ஆகியவற்றை உள்ளே எடுங்கள் அல்லது கட்டுங்கள். கண்ணாடியில் பெருக்கல் குறிபோல டேப் ஒட்டுவது கண்ணாடியைக் காப்பாற்றாது. அதைவிட்டுத் தள்ளி, உள்ளறையில் படுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் கேஸும் எல்லா வீட்டுக்கும் பொது. மெயின் சுவிட்ச் எங்கிருக்கிறது என்பது வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். தண்ணீர் பிளக் பாயிண்ட்டை எட்டும் முன், உலர்ந்த இடத்தில் நின்று அதை அணைக்க வேண்டும். நனைந்த தரையில் நின்றுகொண்டு தொடவே கூடாது. சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள். வெள்ளத்தில் சிலிண்டர் மிதக்கும். மிதந்துபோன சிலிண்டரைத் தேடி மறுநாள் சாக்கடையோரம் அலைந்தவர்களில் நானும் ஒருவன்.

காகிதங்களைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். நாம் பிழைக்க வந்தவர்கள். பிறந்த ஊரில் நம்மை அறிந்தவர்கள் ஆயிரம் பேர். இங்கே நாம் யார் என்பதற்குச் சாட்சி நம் காகிதங்களே. ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ் போன்றவற்றுக்கு நகல் பெறலாம். பலவற்றை டிஜிலாக்கரிலும் வைக்கலாம். ஆனால் தாராவியிலோ ஆன்டாப் ஹில்லிலோ வாழும் குடும்பத்தின் 1990-களின் லைட் பில், பழைய ரேஷன் கார்டு, போட்டோ பாஸ் ஆகியவை அப்படியல்ல. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்தோம் என்று நிரூபிப்பவருக்குத்தான் இலவச வீட்டுக்கு உரிமை. அந்தத் தேதிக்குப் பின் வந்தவர்களுக்கு விதிகள் வேறு. அந்த ஒரு பழைய மஞ்சள் காகிதம் நனைந்து கூழானால், இருபத்தைந்து ஆண்டு வாழ்க்கைக்குச் சாட்சி இல்லாமற்போகும். 2005-இல் எங்கள் இரும்பு அலமாரியின் அடித்தட்டில் இருந்தவற்றையெல்லாம் கொடியில் துணிபோல உலர்த்தினோம். மை எல்லாம் ஓடிவிட்டது.

ஆகவே மூலங்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் இட்டு வாயைச் சூடேற்றி ஒட்டி, தோளில் மாட்டும் ஒரு பையில் வைத்துப் பரணில் வையுங்கள். ஒவ்வொன்றையும் புகைப்படமெடுத்து ஊரிலுள்ள அண்ணனுக்கோ மைத்துனருக்கோ அனுப்பி வையுங்கள். அதே பையில் சற்றுப் பணம், பவர் பாங்க், பெரியவர்களின் பத்து நாள் மருந்து, மருந்துச் சீட்டு, ஓ.ஆர்.எஸ்., குழந்தைக்குரியவை ஆகியவற்றையும் வைக்கலாம். உணவுக்கு நம்மவர்களிடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவலும் பொரியும் சத்துமாவும் அடுப்பில்லாமலே பசியாற்றும். குடிநீரை ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு லிட்டர் வீதம் மூன்று நாளுக்குப் பிடித்து வையுங்கள்.

நகரத்துக்குள் தொலைபேசிகள் அடைத்துக்கொள்ளும்போதும் வெளியூர்த் தொடர்பு சிலவேளை கிடைக்கும். ஆகையால் ஊரிலுள்ள ஒருவரைக் குடும்பத்தின் பொதுச் செய்தியாளராக வையுங்கள். பிரிந்திருப்பவர்கள் எல்லோரும் அவருக்கே தகவல் சொல்லட்டும். மும்பை மாநகராட்சியின் பேரிடர்ப் பிரிவுக்கு 1916, எந்த நகரத்திலும் அவசரத்துக்கு 112. இவற்றைக் கைபேசியில் மட்டுமல்ல, கதவின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அலுவலகத்தில் இருப்பவர் வீட்டுக்கு விரைந்து வர முயல வேண்டாம் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். 2017 ஆகஸ்ட் 29 அன்று, புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் வெள்ளத்தில் வீட்டை நோக்கி நடந்தபோது திறந்து கிடந்த சாக்கடைக் குழிக்குள் விழுந்து இறந்தார். 2024 மே 13 அன்று காட்கோபரில் புழுதிக் காற்றில் விளம்பரப் பலகை சாய்ந்து, அதன்கீழ் இருந்தவர்களில் 17 பேர் மாண்டார்கள். வீட்டார் பாதுகாப்பாக மாடியில் இருக்கிறார்கள் என்ற நிச்சயம் இருந்தால் மட்டுமே ஒரு தகப்பன் அலுவலகத்தில் இரவைக் கழிக்கத் துணிவான். 2005-இல் அந்த நிச்சயம் எனக்கு இல்லை.

“ஜெபிக்கிறோமே, பிறகு ஏன் பையும் கயிறும்?” என்று கேட்கும் விசுவாசிகள் எல்லாச் சபையிலும் உண்டு. நானும் வேதாகமக் கல்லூரியிலிருந்து புதிதாக வந்தபோது அப்படிப் பேசியவன்தான். எகிப்தில் யோசேப்பு தானியம் சேர்த்த ஏழு ஆண்டுகளும் விளைச்சலுள்ள ஆண்டுகள் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

எங்கள் சபையில் மே மாத இரண்டாம் சனிக்கிழமையில் ஒரு பட்டியலைப் புதுப்பிக்கிறோம். தரைத்தளத்தில் இருப்போர் யார், படுக்கையில் இருக்கும் முதியோர் யார், நிறைமாதக் கர்ப்பிணி யார், ஊரிலிருந்து வந்து மொழி தெரியாமல் இருப்பவர் யார் என்று எழுதி, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, நடந்து போகும் தூரத்திலுள்ள ஒரு வாலிபனின் பெயரை எழுதுகிறோம். சபையார் மட்டுமல்ல, பக்கத்து வீட்டாரும் அதில் உண்டு. மாவ்ஷியின் மகன் எந்தச் சபையையும் சேர்ந்தவனல்லவே. அவன் இப்போது கல்யாணில் இருக்கிறான். என் மகளின் திருமணத்துக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் உடைத்த கதவுக்கு வீட்டுக்காரர் எங்களிடம் காசு வாங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

வெள்ளம் வடிந்தபின் செய்ய வேண்டியவை தனியே எழுத வேண்டிய அளவுக்கு உள்ளன. அடுத்த இதழில் எழுதுகிறேன். ஒன்றைமட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: தெரு வெள்ளத்தில் நடந்தவர்கள், காலில் காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்து எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைக் கேட்டுப் பெறுங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.